கனமான கம்பளிக் கில்ட்டைத் தேர்ந்தெடுப்பதும் பேணுவதும்

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் (மலைப்பகுதி) உடையான கில்ட், பின்புறம் கொசுவம் வைத்து இடுப்பில் சுற்றிக் கட்டும் பாவாடை போன்றது. அதை வாங்க வருபவர் பெரும்பாலும் டார்ட்டனின், அதாவது கட்டம்போட்ட கம்பளித் துணியின், நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறார். நிறம் மனத்துக்குப் பிடித்திருக்க வேண்டியதுதான். ஆனால் பல ஆண்டுகள் உடுத்திய பிறகும் அந்த உடை சீராகத் தொங்குமா என்பதைத் தீர்மானிப்பது துணியின் எடையே. ஆகையால் தைப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, துணி கஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் (ஒரு அவுன்ஸ் சுமார் 28 கிராம்) என்பதாகும். 10, 11 அவுன்ஸ் துணி இலகு ரகம். 13 அவுன்ஸ் நடுத்தரம். 16 அவுன்ஸும் அதற்கு மேலும் உள்ளவை கனமான ரகம். இராணுவப் படைப்பிரிவுகளுக்கு இதைவிடக் கனமான துணியும் நெய்யப்பட்டதுண்டு.

‘எட்டு கஜக் கில்ட்’ என்று சொல்வதன் கணக்கையும் அறிந்துகொள்வது நல்லது. இரட்டை அகலத்தில் நெய்த 4 கஜத் துணியை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, முனையோடு முனை சேர்த்தால் 8 கஜம், அதாவது சுமார் 7.3 மீட்டர் கிடைக்கிறது. 16 அவுன்ஸ் என்பது இரட்டை அகலத் துணியில் ஒரு கஜத்தின் எடை என்பதால், வெட்டுவதற்கு எடுக்கும் துணி மட்டுமே 4 பவுண்டு, ஏறக்குறைய 1.8 கிலோ, இருக்கும். வெட்டிக் கழித்தது போக எஞ்சுவதில் பெரும்பங்கு பின்புறக் கொசுவங்களுக்குள் செல்கிறது. நடக்கும்போது அந்தக் கொசுவங்கள் வீசி ஆடி, நின்றவுடன் தாமாகவே வரிசைக்குத் திரும்புவது இந்த எடையால்தான். இலகுவான துணி காற்றுக்குத் தூக்கிக்கொள்ளும், உட்கார்ந்து எழுந்தால் கசங்கியும் நிற்கும். எட்டு கஜம் தொன்றுதொட்டு வந்த அளவு என்று விற்பவர்கள் சொல்வதை மட்டும் அப்படியே ஏற்க வேண்டாம்: 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தைத்த கில்ட்டுகளுக்கு அதில் பாதியளவு துணியே போதுமானதாக இருந்தது.

அடுத்து, கில்ட்டைத் திருப்பிப் பின்புறத்தை ஆராய வேண்டும். கொசுவம் பிடிப்பதில் இரண்டு முறைகள் உண்டு. முதலாவது முறையில், கட்டங்களின் கோலம் கொசுவங்களின் மேலும் இடையறாமல் தொடரும்படி மடிப்பார்கள். முன்னும் பின்னும் ஒரே டார்ட்டனாகத் தெரியும். இரண்டாவது, படைப்பிரிவுகளில் வழக்கமான முறை. ஒவ்வொரு கொசுவத்தின் நடுவிலும் ஒரே கோடு வரும்படி மடிப்பதால் பின்புறம் செங்குத்துக் கோடுகளாகத் தெரியும், நடக்கையில் மற்ற நிறங்கள் பளிச்சிடும். எந்த முறையானாலும், இடுப்புக்கும் பிட்டத்துக்கும் இடையே கொசுவங்களைத் தைத்து மூடிய பகுதியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். குறுக்குக் கோடுகள் ஒரு கொசுவத்திலிருந்து அடுத்ததற்குப் பிசகாமல் சேர வேண்டும். கைத்தையல் நெருக்கமாகவும் வெளியே தெரியாமலும் இருக்க வேண்டும். கொசுவங்கள் இடுப்பை நோக்கி ஒரே சீராகக் குறுக வேண்டும். உட்புறம் புடைக்காமலிருக்க, மேற்பகுதியில் மிகும் துணியை வெட்டி நீக்கிவிட்டு, முரட்டுக் கேன்வாஸ் வைத்துத் தைத்து, அதன்மேல் பருத்தி லைனிங் போடுவார்கள். லைனிங்குக்குப் பின்னால் கேன்வாஸ் இல்லாத கில்ட் சில காலத்தில் பின்னிடுப்பில் தொய்ந்துவிடும். அதை வாங்காமலிருப்பதே மேல்.

கீழ் ஓரத்தில் மடித்துத் தைத்த தடம் இருக்கக் கூடாது. தறியிலேயே முடிந்த கரைதான் அங்கே ஓரமாக நிற்க வேண்டும். மடித்துத் தைத்தால் ஒவ்வொரு கொசுவத்தின் அடியும் தடித்து, வீச்சு கெட்டுவிடும். இதனால் பின்னர் கீழிருந்து நீளத்தைக் குறைக்க வழியில்லை. எனவே அளவு கொடுக்கும்போதே கவனம் வேண்டும். கால்சட்டையின் இடுப்பளவு இங்கே உதவாது, ஏனெனில் கில்ட் இடுப்பெலும்புக்கு மேலே, தொப்புளையொட்டிக் கட்டப்படுகிறது. அந்த இடத்தின் சுற்றளவையும், பிட்டத்தின் மிக அகன்ற சுற்றளவையும், கில்ட் கட்டும் அந்தத் தொப்புள் மட்டத்திலிருந்து முழங்கால் சில்லின் மேல்விளிம்பு அல்லது நடுப்பகுதி வரையிலான நீளத்தையும் இன்னொருவரைக் கொண்டு அளக்கச் செய்ய வேண்டும்; தானே குனிந்து அளந்தால் நீளம் தவறும்.

கில்ட்டின் முன்பக்கத்தில் கொசுவமில்லாத இரண்டு மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். உடுத்தும்போது கொசுவங்கள் பின்னால் வர, உள்மடலை முதலில் இடப்புறமாகச் சுற்றி அதன் தோல்வாரைப் பக்கிளில் மாட்டி, அதன்மேல் வெளிமடலை வலப்புறமாகக் கொண்டுவந்து பூட்ட வேண்டும். குஞ்சம்விட்ட விளிம்பு வலப்பக்கம் நிற்கும். கில்ட் ஊசியை வெளிமடலில் மட்டுமே குத்த வேண்டும். இரண்டு மடல்களையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும்.

பராமரிப்பு எளிது. துவைக்கக் கூடாது, உடுத்தியபின் ஒருநாள் காற்றாட விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் பெரும்பாலும் போதும், கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். இஸ்திரி போடத்தான் பொறுமை வேண்டும்: முதலில் கொசுவங்களை ஓட்டுத்தையலால் கீழ்வரை பிணைத்துவிட்டு, ஈரத்துணி விரித்து, பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். பயணத்துக்குக் கொசுவங்களை வரிசையாக்கி நீளவாக்கில் இறுகச் சுருட்டலாம். வீட்டில் இடுப்புப் பட்டியைக் கிளிப்பில் பிடித்துத் தொங்கவிடுவது நல்லது. நீண்ட நாள் எடுத்து வைக்கும் முன் வியர்வையும் உணவுக் கறையும் இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள் அழுக்குள்ள இடத்தையே முதலில் நாடுகின்றன.