மும்பைப் புழுக்கமும் கைக்குழந்தை அழுகையும்: அப்பாக்களுக்கு

வயிறு நிறைந்து, துணியும் மாற்றிய பிறகு சாயங்காலம் வீறிட்டு அழுகிறதா? பிறந்த 2 வாரத்தில் தொடங்கி, 6 வார வாக்கில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் 3–4 மாதத்தில் தணிந்துவிடும் அழுகை இது.

முதலில் உடுப்பைத் தளர்த்துங்கள். மும்பைப் புழுக்கத்தில் குல்லாவும் சாக்ஸும் எதற்கு? (ஊரிலிருந்து வந்த பாட்டி கேட்கமாட்டார், அது வேறு.) பிடரி வேர்த்திருந்தால் ஒற்றைப் பருத்திச் சட்டை போதும். கால் விரல்களையும் பாருங்கள். உதிர்ந்த தலைமுடி சுற்றி இறுக்கியிருந்தால் லேசில் கண்ணில் படாது.

எனக்குப் பலித்த பிடி: முன்கையில் குழந்தையைக் குப்புறக் கிடத்தி, கன்னம் முழங்கை மடிப்பில் பக்கவாட்டில் பதிய, மூக்கும் வாயும் மூடாமல், கால்கள் இருபுறமும் தொங்கட்டும். மறு கையால் முதுகைத் தாங்கித் தடவியபடி, 'ஷ்ஷ்' என்று சொல்லிக்கொண்டே மெதுவாக நடக்கவேண்டும். அரை நிமிஷத்துக்கொரு பிடி மாற்றினால் பலிக்காது. 5 நிமிஷமாவது ஒரே சீராக. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தூங்கியதும் மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

வசம்பு, கிரைப் வாட்டர் வேண்டாம். எரிச்சல் தலைக்கேறினால் தொட்டிலில் மல்லாக்க விட்டுச் சில நிமிஷம் பால்கனியில் நில்லுங்கள். ஒருபோதும் குலுக்காதீர்கள், மூளைக்குள் ரத்தம் கசியும்.

3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், பச்சை வாந்தி, பால் மறுப்பு, எதுவானாலும் அந்த ராத்திரியே டாக்டர். சயான், கேஇஎம் மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் அவசரப் பிரிவு இரவிலும் உண்டு.