மாடிக் கொட்டிலுக்கும் சோலைவரி

கொழும்பு வெள்ளவத்தையில் வீடு வாங்கிக் குடிபுகுந்த மூன்றாம் மாதம் சோலைவரி, அதாவது மாநகரசபைக்குக் கட்டும் வீட்டுவரி, நோட்டீஸ் வந்தது, பழைய சொந்தக்காரர் பெயரிலேயே. வரிக்கு அடிப்படையான ஆண்டுப் பெறுமதி ஏறக்குறைய இரட்டிப்பு. கந்தோரில் கேட்டபோதுதான் தெரிந்தது: உடுப்புக் காயப்போடும் தகரக் கொட்டிலையும் ஒரு மாடியாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள்!

ஆண்டுப் பெறுமதி என்பது வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய தொகை. ஆகவே வரி கூடிப்போச்சு என்று புலம்பிப் பயனில்லை. அந்த வாடகை இந்த வீட்டுக்கு வராது என்று காட்டவேண்டும். நோட்டீஸில் இருந்த கடைசித் திகதிக்கு முன்பே ஆட்சேபக் கடிதம், வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதி, அங்கீகரித்த பிளான், கொட்டிலின் படங்கள் எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். காலாண்டுப் பணத்தை மட்டும் நிறுத்தவில்லை.

பிறகு ஒரு ஐயா அளவு நாடாவோடு வந்தார். மேலே ஏறி, கொடியில் தொங்கிய என் சாரத்தை விலக்கிப் பார்த்து, "இதுவா மாடி?" என்றார். திருத்திய பில்லில் மாடி இல்லை.