மீனவர் எல்லோரும் பெண்களானது எப்படி? எக்செல்லில் வெட்டி எடுக்கையில் தவிர்க்க வேண்டியவை

மட்டக்களப்பில் வெள்ள நிவாரணம், உர மானியம், சங்க அங்கத்துவம் என்று எதற்கும் ஒரு எக்செல் கோப்பு இருக்கும். அதில் ஒரு நிரல் தேசிய அடையாள அட்டை இலக்கம். அதிலிருந்து பிறந்த ஆண்டையும் ஆணா பெண்ணா என்பதையும் பிரித்தெடுக்கும் வேலை, புதிதாகச் சேரும் பிள்ளைகளின் தலையில்தான் விழும். அடைப்புக்குறி மறப்பது, காற்புள்ளி விடுவது போன்றவற்றை எக்செல்லே காட்டிக்கொடுக்கும். அவற்றை விடுகிறேன்.

வெட்டி எடுத்ததை எண் என்று நம்புவது

இதைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும், ஏனென்றால் எக்செல் இதற்கு ஒரு பிழையும் காட்டாது.

பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் 2 இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கம், அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். ஆகவே நடுவிலிருந்து வெட்டும் மிட் (MID) சூத்திரத்தைப் போட்டு 3ஆவது இடத்திலிருந்து 3 எடுத்து, 500ஐ விடக் கூடினால் பெண், இல்லாவிட்டால் ஆண் என்று இஃப் (IF) எழுதுவார்கள். யோசனை சரிதான். வாழைச்சேனைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்களின் பட்டியலுக்கு ஒரு தம்பி இப்படித்தான் எழுதிக் கீழே இழுத்துவிட்டார். பட்டியலில் மருந்துக்கும் ஓர் ஆண் இல்லை! பெண் பயனாளிகள் 100 வீதம் என்று அச்செடுத்து, கையெழுத்தும் வைத்து, மேலிடத்துக்குப் போய்விட்டது. அது திரும்பி வந்த அன்று யாரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போகவில்லை.

மிட் தருவது எப்போதும் எழுத்துத்தான். 042 என்று வந்தால் அது நாற்பத்திரண்டு இல்லை, வெறும் மூன்று குறிகள். எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எக்செல்லுக்கு எழுத்துத்தான் பெரிது. அதனால் 042கூட 500ஐ வென்றுவிடும். மிட்டை, எழுத்தை எண்ணாக்கும் வேல்யூவுக்குள் (VALUE) போடுங்கள், அல்லது 1ஆல் பெருக்குங்கள். கண்ணாலும் பிடிக்கலாம்: கலத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால், முன்னால் உள்ள பூச்சியம் விழாமல் இருந்தால், அது எழுத்து. தம்பி அழகுக்காக எல்லாக் கலத்தையும் நடுவில் நிறுத்தியிருந்தார். அந்த அடையாளமும் போயிற்று.

ஒரே நீளம் என்று நினைப்பது

2016 முதல் வரும் அட்டைகளில் 12 இலக்கம். ஆண்டுக்கு 4, நாள் 5ஆவது இடத்தில் தொடங்கும். நீளம் 10ஆ 12ஆ என்று, குறிகளை எண்ணும் லென்னால் (LEN) பார்த்துவிட்டு வெட்டுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் ‘சரிபார்க்க’ என்று வரட்டும்.

நாளைத் திகதியாக்குவது

அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். 61 என்றால் எந்த ஆண்டிலும் மார்ச் 1. ஆனால் திகதி தரும் டேட் (DATE) சூத்திரத்தில் 1975ஐப் போட்டால் மார்ச் 2 வரும். பெண்களுக்கு 500ஐக் கழித்துவிட்டு, மாதத்தையும் நாளையும் 2000ஆம் ஆண்டை வைத்து எடுங்கள். உண்மையான ஆண்டை அப்புறம் சேர்க்கலாம்.

ட்ரிம் எல்லா இடைவெளியையும் எடுக்காது

இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியதா? அதில் ட்ரிம் (TRIM) தொடாத இடைவெளி, 160ஆம் குறி, இருக்கலாம்; ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடும் சப்ஸ்டிடியூட்டால் (SUBSTITUTE) அதையும் நீக்குங்கள்.

இஃப்எரர்

பிழை வந்தால் அதை மறைத்து வேறொன்றைக் காட்டும் சூத்திரம் இது (IFERROR). முதல் நாளே போடாதீர்கள்.

தமிழ்ப் பெயரில் லெப்ட்

‘சி.’ என்று தொடங்கும் பெயரில், முன்னாலிருந்து வெட்டும் லெப்ட் (LEFT) 1 போட்டால் ‘ச’தான் வரும். விசிறியும் கொம்பும் எக்செல்லுக்குத் தனித்தனிக் குறிகள். மட்டக்களப்பு என்பது நமக்கு 8 எழுத்து, லென்னுக்கு 12. புள்ளி எங்கே என்று பைன்டால் (FIND) தேடி, அதற்கு முன்வரை எடுங்கள். புள்ளி வைக்காத பெயர்கள் பிழை காட்டும்; அவற்றை வடிகட்டிக் கையால் திருத்துவதுதான் வேகம்.