வாணம் தோண்டும் முன் வீட்டைக் கணினியில் கட்டிப் பாருங்கள்

வீடு கட்டப் போகிறவர்கள் பலரும் வீட்டின் முகப்பைக் காட்டும் எலிவேஷன் படத்துக்குக் காசு கொடுக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் செங்கல் எத்தனை வேண்டும், மாடிக் கழிவறைக் குழாய் எந்த பீமில் போய் இடிக்கும் என்பதெல்லாம் அதில் தெரியாது. செலவைக் குறைக்க உதவுவது, அளவும் பொருளும் சேர்த்துக் கணினியில் கட்டும் முப்பரிமாண மாதிரி வீடு. அதை இலவச மென்பொருளான ஃப்ரீகேடிலேயே செய்யலாம். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு முதல், கட்டட மாதிரியை உருவாக்குவதற்கான 'பிம்' (BIM) பகுதி அதனுடனேயே கிடைக்கிறது.

1. சுவர்

பிம் பகுதிக்குள் போய், பிளானில் உள்ளபடி கோடு போடுங்கள். கோட்டைத் தேர்ந்தெடுத்து 'வால்' (Wall) கருவியை அழுத்தினால் சுவர் எழும்பிவிடும். வெளிச்சுவருக்குத் தடிமன் 230 மி.மீ., அதாவது நம் 9 இஞ்ச் சுவர்.

2. கதவு, ஜன்னல்

சுவரின் மேல் வைத்தாலே அந்த இடம் தானாக வெட்டுப்படும். 1 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரமுள்ள ஒரு கதவு மட்டும் கிட்டத்தட்ட அரை கன மீட்டர் கட்டுவேலையைக் கழித்துவிடும். செங்கல் கணக்கில் 200-க்கும் மேல். இந்தக் கழிவைப் பார்க்காமல் லோடு சொல்பவர்கள் நிறைய.

3. பில்லர், பீம், குழாய்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தந்த அளவிலேயே பில்லர், பீம், தளம் எல்லாவற்றையும் போடுங்கள். பிறகு மாடிக் கழிவறையிலிருந்து இறங்கும் 110 மி.மீ. குழாயை வரைந்து, சுவர்களை மறைத்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். குழாய் பீமுக்குள் புகுந்து போகிறதா? திரையில் அதை அரை அடி நகர்த்தக் காசு வேண்டாம். கான்கிரீட் போட்ட பிறகென்றால் பீமைத்தான் உடைப்பார்கள். காசோடு உறுதியும் போகும். ஏசி குழாய், மோட்டார் லைன், சன்ஷேடு எல்லாவற்றையும் இப்படியே பார்த்துவிடுங்கள்.

4. கம்பி

கடையில் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வரும். பீமுக்கு வேண்டிய ஒரு துண்டு, வளைவையும் சேர்த்து 4 மீட்டருக்குள் அடங்கினால் ஒரு கம்பியில் மூன்று துண்டு. 4.2 மீட்டர் என்றால் இரண்டுதான், 3.6 மீட்டர் மிச்சம். அதை லிண்டலுக்கோ வேறெங்கோ போட முடியுமா என்று முன்பே பாருங்கள். அறையைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும் என்று தெரிந்தால், இன்ஜினியரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். எடைக்குச் சூத்திரம் சுலபம்: விட்டத்தை மி.மீ.-இல் வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பிக்கு 0.89 கிலோ.

5. பட்டியல்

'ஷெட்யூல்' கருவியில் சுவர், கான்கிரீட் எல்லாவற்றின் கன அளவையும் பட்டியலாக எடுக்கலாம். செங்கல் எண்ணிக்கைக்கு, உங்கள் ஊர்ச் சூளைக் கல் ஒன்றை அளந்து கணக்குப் போடுங்கள். ஊருக்கு ஊர் கல் மாறும். காண்டிராக்டரிடம் சதுர அடி ரேட் மட்டும் கேட்காமல், இந்தப் பட்டியலைக் கொடுத்து வேலை வாரியாக ரேட் கேளுங்கள். கோப்பை ஐஎஃப்சி (IFC) என்ற பொது வடிவத்திலும் சேமித்து வையுங்கள். ரெவிட் போன்ற வேறு கட்டட மென்பொருள் வைத்திருக்கும் இன்ஜினியரும் அதைத் திறந்து சரிபார்க்கலாம்.