பிராட்பேண்ட் தலைமையாசிரியர் அறையோடு நின்றுவிடாமல் இருக்க

பள்ளிகளில் கேபிள் இழுப்பதுதான் என் பிழைப்பு. புதிதாக ஒரு பள்ளிக்குப் போனால் இணைய வேகம் எத்தனை எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மெகாபிட்) என்று கேட்க மாட்டேன், லைனை வாங்கிக் கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான ரவுட்டர் எங்கே என்றுதான் கேட்பேன். அது பெரும்பாலும் தலைமையாசிரியர் அறையில் பீரோ மேல் உட்கார்ந்திருக்கும். அந்த அறையில் வேகம் பிரமாதம், கடைசி வகுப்பறையில் சிக்னலே இருக்காது.

ஆகவே லைன் வாங்கும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு, ரவுட்டர் இருக்கும் இடத்திலிருந்து வகுப்பறைகள் வரை நடந்து அளந்துவிடுங்கள். கேட் 6 என்ற செம்பு நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. சுவரில் ஏறி இறங்குவதும் வளைவதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

பக்கத்துக் கட்டடம் 30 மீட்டரில் இருந்தாலும் அங்கே ஃபைபர் எனும் கண்ணாடி இழைக் கேபிள்தான் போட வேண்டும். ஒருமுறை செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கேபிளைக் கட்டிவிட்டேன். முதல் இடி மழைக்கே கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் இரண்டு பக்கமும் போய்விட்டது. மூடியைக் கழற்றினால், அந்தக் கேபிள் செருகியிருந்த போர்ட்டைச் சுற்றி போர்டு கருகிக் கிடந்தது. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் உலோக உறையோ உள்ளே கம்பியோ உள்ள ஃபைபரை வாங்கினால் பழைய கதைதான், பார்த்து வாங்குங்கள்.

வைஃபை பெட்டியை நடைபாதையில் மாட்டாதீர்கள். சுவர் தாண்டி உள்ளே போவதற்குள் பாதி பலம் போய்விடும். வகுப்புக்கு ஒன்றாகக் கூரையில் மாட்டினால் நல்லது. பிஓஇ சுவிட்ச் இருந்தால் தரவுக்கும் கரண்டுக்கும் ஒரே கேபிள் போதும். வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று அலைவரிசைகள் உண்டு; பிள்ளைகளின் கருவிகளை 5-இல் விடுங்கள். 2.4-ஐத் தவிர்க்க முடியாவிட்டால் அடுத்தடுத்த அறைகளுக்கு ஒன்றோடொன்று மோதாதபடி 1, 6, 11 என்று சேனலை மாற்றிக் கொடுங்கள்.

இப்போது வேகம். ஆசிரியர் ஒரு வீடியோவைத் திரையில் போட்டால் 3 எம்பிபிஎஸ் போதும். அதையே 40 பிள்ளைகள் தனித்தனியாகப் பார்த்தால் 120 வேண்டும். எப்படிப் பாடம் நடத்துவார்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்காமல் பிளான் எடுத்தால் பணம்தான் வீண். நேரலை வகுப்பு எடுப்பார்கள் என்றால் அப்லோடு வேகத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள், அதைப் பலரும் கேட்பதே இல்லை.

இன்னொரு தொல்லை, காலையில் நன்றாக ஓடும் வைஃபை மதியம் புதுக் கருவிகளைச் சேர்க்க மறுப்பது. வலையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் வேண்டும்; வீட்டு ரவுட்டரில் வழக்கமான அமைப்பில் 254 முகவரிகளுக்கு மேல் கிடையாது. வந்து போன போன்களெல்லாம் ஆளுக்கொன்றைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு கருவி முகவரியை வைத்திருக்கும் காலமான டிஎச்சிபி லீஸை ஒரு மணி நேரமாகக் குறைத்து, முகவரி வரம்பைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும். அலுவலகக் கணினிகளைத் தனி விலானில், அதாவது அதே கேபிள்களில் பிரித்து அமைக்கும் தனி வலையில், பிரித்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியலும் பிள்ளைகளின் டேப்லெட்டும் ஒரே வலையில் இருக்கக் கூடாது.

எல்லாம் முடிந்ததும், ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் ஒரே வீடியோவைத் திறக்கச் சொல்லுங்கள். பாதிப் பேருக்குச் சுற்றிக்கொண்டே நின்றால், லேப்டாப்பை ரவுட்டரில் நேரடியாகக் கேபிளில் செருகி வேகத்தைப் பாருங்கள். அங்கே முழு வேகம் வந்தால் லைன்மேல் குற்றமில்லை. கேபிள் முனைகளைச் சோதியுங்கள், அப்புறம் சேனல். பெரிய பிளானுக்குப் போன் போடுவது அதற்கும் பிறகு.