சோலார் மானியம் வேண்டுமா? முதலில் கரண்ட் பில்லில் யார் பெயர் என்று பாருங்கள்

எங்கள் வீடு கோவை சோமனூர்ப் பக்கம். தறி குடோனும் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. போன வருடம் வீட்டு மாடியில் 2 கிலோவாட் சோலார் போட்டோம். மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 60,000 ரூபாய் மானியம் என் வீட்டுக்காரர் கணக்கில் ஏறியது. பேனல் மாட்டும் வேலை இரண்டே நாள். அதற்கு முன்னால் நான்கு மாதம் காகிதத்துக்கே போய்விட்டது. அந்த நான்கு மாதம் உங்களுக்குப் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கரண்ட் பில்லை எடுத்துப் பெயரைப் பாருங்கள். எங்கள் சர்வீஸ் மாமனார் பெயரில் இருந்தது. அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பில் கட்ட யார் பெயராக இருந்தாலும் பரவாயில்லை, யாரும் கேட்பதில்லை. ஆனால் மானியத்துக்கு விண்ணப்பிக்கிறவர் பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பணம் போகிற வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருப்பதுதான் நல்லது. நம் பக்கத்தில் அப்பாரு பெயரிலேயே ஓடுகிற சர்வீஸ் எத்தனையோ உண்டு. பெயரை மாற்ற எங்களுக்கு வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் தேவைப்பட்டன. என் வீட்டுக்காரரின் அக்கா தாராபுரத்தில் இருக்கிறார். அவர் கையெழுத்துக்காக மூன்று முறை போய் வந்தோம். ஆதார், பேங்க் பாஸ்புக், கரண்ட் பில் மூன்றிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பெயர் மாறி வருகிற வரைக்கும் சும்மா உட்காராதீர்கள். வீட்டில் கரண்ட் செலவைக் குறைக்க அதுதான் நேரம். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 680 யூனிட் வரை ஓடிக்கொண்டிருந்தது. அதிகம் ஓடுகிற மூன்று ஃபேன்களை மட்டும் கரண்ட் குறைவாக இழுக்கிற பிஎல்டிசி ஃபேனாக மாற்றினேன். பழைய ஃபேன் 75 வாட், புதியது 30 வாட். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் மூன்றிலும் சேர்த்து ஒன்றரை யூனிட்டுக்கு மேல் மிச்சம், இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட நூறு யூனிட். அடுத்த பில் 580க்கு இறங்கியது.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் 2 கிலோவாட்டுக்குத்தான் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம். மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மொத்தம் 78,000தான். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளைக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480. எங்கள் 580க்கு அது போதும். மீதி நூறு யூனிட்டுக்குப் பெரிய தொகை வராது. 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கும் கிடைக்கிற குறைந்த ரேட்டும் கை நழுவிவிடும். அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியதே எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஒரு வருடத்து ஆறு பில்லையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். சித்திரை மாத பில்லை மட்டும் பார்த்தால் தேவைக்கு மேல் போட்டுவிடுவீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள், மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும்தான். தறி சர்வீஸுக்கு இந்தத் திட்டத்தில் கிடையாது.

சரி, விண்ணப்பம். பிஎம் சூர்ய கர் அரசுத் தளத்தில் மாநிலம், மின் நிறுவனம், சர்வீஸ் நம்பர், மொபைல் நம்பர் கொடுத்துப் பதிய வேண்டும். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 10 கிலோவாட் வரைக்கும் தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு (லைன் தாங்குமா என்று மின்வாரியம் பார்ப்பது) தேவையில்லை என்று 2024இல் விதியை மாற்றிவிட்டார்கள், அதனால் இந்தக் கட்டத்தில் தாமதமில்லை. அப்புறம் அந்தத் தளத்தில் பதிவான நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கேதான் ஏமாறப் பார்த்தோம். முதலில் வந்தவர் மற்றவர்களை விட 25,000 ரூபாய் குறைவாகச் சொன்னார். வீட்டுக்காரர் அட்வான்ஸ் கொடுக்கவே கிளம்பிவிட்டார். “பேனல் டிசிஆர் தானுங்களே?” என்று என் மகன் போனில் கேட்டான். அவர் பதிலை மாற்றி மாற்றிச் சொன்னார். டிசிஆர் என்றால் உள்ளே இருக்கும் செல்லும் சேர்த்து இந்தியாவில் செய்த பேனல். அதற்குத்தான் மானியம். வெளிநாட்டு செல் வைத்தது விலை குறைவாக இருக்கும், ஆனால் 60,000 வராது. கொட்டேஷனிலேயே ‘டிசிஆர்’ என்று எழுதி வாங்குங்கள். ஐந்து வருடப் பராமரிப்பு அவர்கள் பொறுப்பு, அதையும் எழுத்தில் வாங்குங்கள். “மானியத்தை நானே கழித்துக்கொள்கிறேன்” என்பவரிடம் போகாதீர்கள். அது உங்கள் கணக்குக்கு நேராக வருகிற பணம்.

மானியம் எல்லாம் முடிந்த பிறகுதான் வரும் என்பதால் முழுத் தொகையும் முதலில் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜன் சமர்த் என்ற அரசுக் கடன் தளம் வழியாக வங்கிக் கடன் கேட்கலாம். 3 கிலோவாட் வரை, 2 லட்சத்துக்குள், சொத்து ஈடு கேட்க மாட்டார்கள். நாங்கள் பாதி கையிருப்பு, பாதி கடன் என்று செய்தோம்.

மாடியில் 2 கிலோவாட்டுக்கு இருநூறு சதுர அடி வேண்டும். காலை ஒன்பது, மதியம், மாலை மூன்று என மூன்று முறை ஏறி நிழலைப் பாருங்கள். எங்கள் பொடக்காலித் தென்னை ஒன்று நாலு மணிக்கு ஓலையை நீட்டியது, அதனால் ஸ்டாண்டைக் கிழக்கே தள்ளி வைத்தோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்றை மறக்காதீர்கள். சிமெண்ட் கட்டையை மட்டும் வைத்து ஸ்டாண்டை நிறுத்துவதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. தளத்தில் போல்ட் போட்டு, ஒழுகாமல் பூசித் தந்த பிறகுதான் பணம் கொடுத்தேன். பேனல், இன்வெர்ட்டர், இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவர் மேல் மின்சாரம் பாயாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். பேட்டரிக்கு இதில் மானியம் இல்லை.

மாட்டி முடித்ததும் நெட் மீட்டர் (லைனில் இருந்து வருகிற யூனிட், லைனுக்குப் போகிற யூனிட் இரண்டையும் கணக்கெடுக்கும் மீட்டர்) வைத்து, மின்வாரியத்தில் இருந்து வந்து பார்த்துச் சான்று தருவார்கள். கடைசித் தவணையை அதுவரைக்கும் கையில் பிடித்து வையுங்கள். சான்று வந்த அன்றே தளத்தில் வங்கி விவரமும் ரத்து செய்த காசோலையும் ஏற்றிவிட்டேன். ஒரு மாதத்துக்குள் பணம் வந்தது.

இப்போது வாரம் ஒரு நாள், காலை ஏழு மணிக்குள், பேனல் சூடாவதற்கு முன் வெறும் தண்ணீர் ஊற்றித் துணியால் துடைக்கிறேன். தறிப் பக்கத்து வீட்டில் பஞ்சுத் தூசி படிந்துகொண்டே இருக்கும், இரண்டு வாரம் விட்டால் யூனிட் குறைவது போன் ஆப்பிலேயே தெரிகிறது.