இரண்டு நாஸ் பெட்டிகளுக்கு இடையே பேக்கப் அமைப்பது எப்படி: திருப்பூர் அலுவலகம் முதல் கோவை வீடு வரை

திருப்பூரின் நடுத்தரப் பனியன் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொண்டால், பையர் அனுப்பிய டெக் பேக், பேட்டர்ன், மார்க்கர், எம்பிராய்டரி டிசைன், சாம்பிள் புகைப்படங்கள், டேலி கணக்கு என அனைத்தும் பெரும்பாலும் அலுவலகத்து நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியே எல்லாரும் கோப்புகளை வைத்து எடுக்கும் டிஸ்க் பெட்டி) ஒன்றிலேயே சேர்ந்திருக்கும். அதில் இரண்டு டிஸ்க்குகள் ரெய்டு 1 முறையில், அதாவது ஒன்றின் நகலாக மற்றொன்று இருக்கும்படி, ஓடுவதால் கோப்புகள் பத்திரமாக உள்ளன என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் ரெய்டின் பணி. ஊழியர் ஒருவர் கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அது இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். கோடை மழையின் இடி மின்னலில் பெட்டியே கருகினால் இரண்டும் சேர்ந்தே போகும். ஆகவே இரண்டாவது பெட்டி ஒன்று வேண்டும், அதுவும் வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

இந்த விளக்கம் டிஎஸ்எம் 7 என்ற இயங்குதளத்தில் ஓடும், சினாலஜி நிறுவனத்தின் இரண்டு நாஸ் பெட்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கியூநாப் நிறுவனத்தின் பெட்டிகளில் இதே வேலையை ஹைப்ரிட் பேக்கப் சிங்க் என்ற செயலி செய்கிறது. ஒன்று ஒரு நிறுவனத்துடையதும் மற்றொன்று வேறு நிறுவனத்துடையதுமாக இருந்தால் ஆர்சிங்க் என்ற பொதுவான நகலெடுக்கும் முறை வழியாக இணைக்கலாம்.

சிங்க்கா, பேக்கப்பா?

தொடங்குமுன் தீர்மானிக்க வேண்டியது இதுதான். சிங்க் என்பது முதல் பெட்டியில் இப்போது இருப்பதை அப்படியே இரண்டாவது பெட்டியிலும் வைத்திருப்பது. காலையில் மெர்ச்சண்டைசரின் கணினியில் நுழைந்த ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்), பகிர்வு ஃபோல்டரில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டால், பூட்டப்பட்ட அந்தக் கோப்புகளே மாலைக்குள் இரண்டாவது பெட்டிக்கும் போய்ச் சேரும். பல பதிப்பு பேக்கப் அவ்வாறு இல்லை: ஒவ்வொரு முறை ஓடும்போதும் மாறிய பகுதிகளை மட்டும் சேர்த்துக்கொண்டு, முந்தைய நாட்களின் நிலையையும் வைத்திருப்பதால், நேற்றைக்கோ போன மாதத்துக்கோ திரும்பிச் செல்ல முடியும். ஒரு தொழிலின் கோப்புகளுக்கு சிங்க் மட்டும் போதும் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

பெட்டியும் முதல் பேக்கப்பும்

இரண்டாவது பெட்டியின் கொள்ளளவு, பேக்கப் எடுக்கப்போகும் தரவைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். பழைய பதிப்புகளுக்கும் இடம் வேண்டுமல்லவா? இரண்டு பெட்டிகளுக்கும் யுபிஎஸ் கட்டாயம் தேவை. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் யுபிஎஸ் தாங்காது என்பதால், அதன் யுஎஸ்பி கேபிளைப் பெட்டியில் இணைத்து, பேட்டரி தீருமுன் பெட்டி தானாகப் பாதுகாப்பாக நிற்கும்படியும், கன்ட்ரோல் பேனலின் ஹார்டுவேர் அண்ட் பவர் பகுதியில் மின்சாரம் வந்ததும் தானாகத் தொடங்கும்படியும் அமைத்துவிடுங்கள். ஆள் இல்லாத இடத்தில் இருக்கப்போகும் பெட்டிக்கு இது மிகவும் முக்கியம்.

இரண்டாவது பெட்டியை நேராகக் கோவைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். முதலில் அலுவலகத்திலேயே அதே ரவுட்டரில் இணையுங்கள். 1 டிபி தரவு கிகாபிட் கேபிள் வழியாக நொடிக்குச் சுமார் 110 எம்பி வேகத்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் போய்விடும். அதே தரவை 50 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் இணையம் வழியே அனுப்பினால் 44 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். சிறு கோப்புகள் அதிகமாக இருந்தால் இரண்டுமே இன்னும் நீளும்.

செயலிகளை நிறுவும் இடமான பேக்கேஜ் சென்டரைத் திறந்து, முதல் பெட்டியில் பேக்கப்பை அனுப்பும் ஹைப்பர் பேக்கப்பையும், இரண்டாவது பெட்டியில் அதைப் பெறும் ஹைப்பர் பேக்கப் வால்ட்டையும் நிறுவுங்கள். அடுத்து, இரண்டாவது பெட்டியில் பேக்கப்புக்கென்றே ஒரு பகிர்வு ஃபோல்டரையும் ஒரு தனிப் பயனரையும் உருவாக்குங்கள். அந்தப் பயனர் அட்மின் குழுவில் இருக்கக் கூடாது. அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும் படிக்கவும் எழுதவும் அனுமதி கொடுத்து, செயலிகளில் ஹைப்பர் பேக்கப் வால்ட்டை மட்டும் அனுமதியுங்கள். இரண்டு பெட்டிகளின் அட்மின் கடவுச்சொற்களும் வெவ்வேறாக இருக்கட்டும். ஒரே சாவியால் இரண்டு பூட்டும் திறக்குமென்றால் இரண்டாவது பூட்டினால் பயனில்லை.

இனி முதல் பெட்டியில் ஹைப்பர் பேக்கப்பைத் திறந்து, கூட்டல் குறியை அழுத்திப் புதிய பணியை உருவாக்குங்கள். சேருமிடமாகத் தொலைவிலுள்ள சினாலஜி நாஸைத் தேர்ந்தெடுத்து, பல பதிப்பு முறையைக் குறித்து, இரண்டாவது பெட்டியின் ஐபி முகவரியையும் சற்று முன் உருவாக்கிய பயனரின் விவரங்களையும் கொடுங்கள். போர்ட் 6281 தானாகவே வந்திருக்கும். அதை மாற்ற வேண்டாம். தரவு செல்லும் வழியில் மறைகுறியாக்கும் டிரான்ஸ்ஃபர் என்கிரிப்ஷனை ஆன் செய்யுங்கள்.

பிறகு ஃபோல்டர்களைத் தேர்ந்தெடுக்கலாம். டேலியின் தரவை யாரேனும் திறந்து வைத்திருக்கும்போது நகலெடுத்தால் அந்த நகல் முழுமையாக இல்லாமல் போகக்கூடும். ஆதலால் டேலிக்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியால் நாள்தோறும் ஒரு கோப்பை உருவாக்கி, அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரையும் பணியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தரவை அனுப்புமுன்பே மறைகுறியாக்கி, இரண்டாவது பெட்டியிலும் அப்படியே வைக்கும் கிளையன்ட் சைடு என்கிரிப்ஷனை இந்தக் கட்டத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். பணியை உருவாக்கிய பிறகு சேர்க்க இயலாது. பெட்டி அலுவலகத்துக்கு வெளியே இருக்கப்போவதால் இதை நான் வலியுறுத்துவேன். அப்போது தரப்படும் சாவிக் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு நாஸுக்கு வெளியே வையுங்கள், கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வேறிடத்தில் பூட்டி வையுங்கள். இரண்டும் தொலைந்தால் பேக்கப்பைத் திறக்க யாராலும் முடியாது.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் இரவு எட்டரை வரை கட்டிங் பிரிவிலும் அலுவலகத்திலும் கோப்புகள் திறந்தே இருக்கும் என்பதால் இரவு 11 மணி பொருத்தமானது. பேக்கப் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் இன்டெக்ரிட்டி செக் வாரம் ஒருமுறை ஓடும்படி குறியுங்கள். பழைய பதிப்புகளை நீக்க ஸ்மார்ட் ரீசைக்கிள் போதுமானது: கடந்த ஒரு நாளுக்கு மணிக்கு ஒன்று, ஒரு மாதம் வரை நாளுக்கு ஒன்று, அதற்கு முன் வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளும்.

பெட்டியை இடம் மாற்றுதல்

முதல் பேக்கப் பிழையின்றி முடிந்தபின் இரண்டாவது பெட்டியை முறையாக ஷட் டவுன் செய்து, அவினாசி சாலை வழியே கோவைக்கோ, சொந்த ஊர் பெருந்துறை, காங்கயம் என்றால் அங்கேயோ எடுத்துச் செல்லுங்கள். நொய்யல் ஓரத்துத் தாழ்வான வீடாக இருந்தால் மாடியில் வையுங்கள்.

ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டு இணைப்பது எளிது என்று சிலர் சொல்வார்கள். இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த ஏராளமான கியூநாப் பெட்டிகளை 2022 ஜனவரியில் டெட்போல்ட் ரான்சம்வேர் பூட்டியதை நினைவில் கொண்டு, அந்த வழியைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு பெட்டிகளிலும் பேக்கேஜ் சென்டரிலிருந்து டெய்ல்ஸ்கேலை (உங்கள் கருவிகளுக்குள் மட்டும் இணையம் வழியே தனிப் பாதுகாப்பான இணைப்பு தரும் செயலி) நிறுவி, ஒரே கணக்கில் இணைத்தால், ஒவ்வொன்றுக்கும் 100 எனத் தொடங்கும் தனி முகவரி கிடைக்கும். டிஎஸ்எம் 7இல் மற்ற செயலிகள் டெய்ல்ஸ்கேல் வழியே வெளியே செல்லத் தனி அனுமதி தேவை: டெய்ல்ஸ்கேலின் சினாலஜி உதவிப் பக்கத்தில் உள்ள கட்டளையை, முதல் பெட்டியின் டாஸ்க் ஷெட்யூலரில் ரூட் (முழு அதிகாரமுள்ள) பயனரின் பெயரில், பெட்டி தொடங்கும்போது ஓடும்படி சேர்த்துவிட்டு, பெட்டியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பிறகு ஹைப்பர் பேக்கப் பணியின் அமைப்பில் பழைய ஐபிக்குப் பதிலாக இரண்டாவது பெட்டியின் புதிய முகவரியைக் கொடுத்து, ஒருமுறை கையால் ஓட்டிப் பாருங்கள். மாறியவை மட்டும் செல்வதால் விரைவாகவே முடியும்.

மீட்டுப் பார்த்தல்

பணி வெற்றி என்று பச்சை நிறத்தில் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். ஹைப்பர் பேக்கப்புக்குள் உள்ள பேக்கப் எக்ஸ்புளோரரைத் திறந்து, சில நாட்களுக்கு முந்தைய பதிப்பு ஒன்றைத் தேர்ந்து, ஓர் ஆர்டரின் ஃபோல்டரை முழுவதுமாக வேறொரு ஃபோல்டருக்கு நகலெடுங்கள். ரிஸ்டோர் என்பதை அழுத்தினால் இப்போதைய கோப்புகளின் மேலேயே எழுதிவிடும் என்பதால், சோதனைக்கு நகலெடுக்கும் வசதியையே பயன்படுத்துங்கள். பேட்டர்ன் கோப்பை அதற்குரிய மென்பொருளில் பேட்டர்ன் மாஸ்டரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். டேலி பேக்கப்பை ஒரு சோதனைக் கம்பெனியாக மீட்டு, கடைசி வவுச்சர் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, ஒரு லேப்டாப்பில் ஹைப்பர் பேக்கப் எக்ஸ்புளோரர் என்ற தனிச் செயலியை நிறுவி, கோவைப் பெட்டியில் உள்ள பேக்கப்பைச் சாவிக் கோப்பைக் கொண்டு திறந்து பாருங்கள். அலுவலகப் பெட்டி முற்றிலும் இல்லாத நாளில் கைகொடுக்கப்போவது இந்த வழிதான்.

கன்ட்ரோல் பேனலின் நோட்டிஃபிகேஷன் பகுதியில் மின்னஞ்சலை அமைத்து, பணி தோற்றால் உங்களுக்கும் அலுவலகத்தில் மற்றொருவருக்கும் செய்தி வரும்படி செய்யுங்கள். மீட்டுப் பார்க்கும் சோதனையை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் வேறொரு ஃபோல்டரை எடுத்துச் செய்து, சோதனை நகலை நீக்கிவிட்டு, தேதியைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.